கணினியில் கண்ட பொருள் உலையில் நிற்குமா? பாட்டரி, சோலார், ஹைட்ரஜன் சிமுலேஷன் பற்றிக் கொஞ்சம் பேசலாம்

மாட்டுத்தாவணி

எல்லாருக்கும் வணக்கம். எம்எஸ்சி இயற்பியல் கடைசி செமஸ்டர், அடுத்து பிஎச்டி. இரண்டு இடத்தில் பேசி வைத்திருக்கிறேன். ஒன்று பாட்டரிப் பொருட்களுக்கான சிமுலேஷன். இன்னொன்று உலை, பெல்லட் (பொடியை அழுத்திச் சுட்ட வில்லை), இம்பீடன்ஸ் (அதன் மின்தடையை அளப்பது) என்று கையால் செய்கிற வேலை. 2023 நவம்பரில் கூகுள் டீப்மைண்ட் 22 லட்சம் புதுப் படிக அமைப்புகளைக் கணித்திருக்கிறோம், அதில் சுமார் 3.8 லட்சம் நிலையானவை என்று அறிவித்தார்கள். 2024 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் 3.2 கோடிப் பொருட்களை எடுத்து 80 மணி நேரத்தில் 18 ஆகச் சலித்துவிட்டோம், அதிலிருந்து வந்த திட எலக்ட்ரோலைட்டால் (பாட்டரிக்குள் அயனிகளைக் கடத்தும் திடப்பொருள்) லித்தியம் தேவையை 70 சதவீதம் வரை குறைக்கலாம் என்றார்கள். இதையெல்லாம் படித்தால் இன்னும் பத்து வருடத்தில் உலைக்கு வேலையே இருக்காதோ என்று தோன்றுகிறது. வீட்டில் அப்பாவும் கம்ப்யூட்டர் வேலை என்றால் அதையே எடு என்கிறார். இரண்டு பக்கமும் வேலை செய்தவர்கள் சொல்லுங்கள், ஜூனில் முடிவு சொல்லியாக வேண்டும்.

அணுக்கூடு

தம்பி, நான் பன்னிரண்டு வருடமாகக் கணினிப் பக்கம்தான். முதலில் அந்த "நிலையானது" என்ற சொல்லைப் பிடித்துக்கொள், பாதிக் குழப்பம் அதில்தான் இருக்கிறது.

நாம் செய்வது பெரும்பாலும் டிஎஃப்டி, அதாவது டென்சிட்டி ஃபங்ஷனல் தியரி. எலக்ட்ரான் ஒவ்வொன்றையும் தனித்தனியாகத் துரத்தாமல், எலக்ட்ரான் அடர்த்தியை மட்டும் தெரிந்துகொண்டால் ஆற்றலைச் சொல்லிவிடலாம் என்று 1964லும் 65லும் கோன், ஹோஹன்பர்க், ஷாம் காட்டிய வழி. கோனுக்கு அதற்காக 1998இல் வேதியியல் நோபல் கிடைத்தது. அணுக்களை எந்த இடத்தில் வைக்கிறாய் என்று கொடுத்தால் அந்த அமைப்பின் ஆற்றல் என்ன என்று சொல்லும். அப்புறம் அதே அணுக்கள் பிரிந்து வேறு வேறு பொருட்களாகப் போனால் மொத்த ஆற்றல் இன்னும் குறைகிறதா என்று பார்க்கிறோம். குறையவில்லை என்றால் நிலையானது என்று எழுதிக்கொள்கிறோம். இதற்குத்தான் 2011இல் பெர்க்லியில் மெட்டீரியல்ஸ் ப்ராஜெக்ட் என்று பெரிய தரவுத்தளமே திறந்தார்கள், யார் வேண்டுமானாலும் இலவசமாகப் பார்க்கலாம். உன் 3.8 லட்சமும் அந்தத் தரவில் பழக்கிய மாடலில் இருந்து வந்ததுதான்.

ஆனால் இந்தக் கணக்கு முழுவதும் பூஜ்ஜியம் கெல்வினில் நடக்கிறது. உன் அறையின் வெப்பமே ஓர் அணுவுக்கு 25 மில்லி எலக்ட்ரான் வோல்ட் அளவுக்கு ஆட்டம் காட்டும். டிஎஃப்டி-யில் வரும் பிழையும் பல நேரம் அதே அளவு. இதுவரை மனிதர்கள் செய்து அமைப்பு கண்டுபிடித்துப் பதிந்து வைத்த பொருட்களிலேயே சுமார் பாதி, கணக்குப்படி "நிலையற்றவை"தான். வைரத்தையே எடுத்துக்கொள், சாதாரண அழுத்தத்தில் கிராஃபைட்தான் நிலையானது, ஆனாலும் மோதிரத்தில் வைரம் அப்படியே இருக்கிறது. ஆகவே நிலையானது என்றால் செய்ய முடியும் என்று அர்த்தம் இல்லை, நிலையற்றது என்றால் செய்ய முடியாது என்றும் இல்லை. எதை முதலில் முயலலாம் என்று சொல்லும் ஒரு வரிசை, அவ்வளவுதான். அந்த வரிசைக்கே பெரிய மதிப்பு இருக்கிறது, அதை அப்புறம் சொல்கிறேன்.

உலைக்காரி

அண்ணா சொன்னது சரி, ஆனால் கொஞ்சம் மென்மையாகச் சொல்லிவிட்டார். நான் எட்டு வருடமாகத் திட எலக்ட்ரோலைட் சுடுகிறேன். தம்பி, அந்த 22 லட்சம் செய்தி வந்த அதே நாளில் இன்னொரு கட்டுரையும் வந்தது, பெர்க்லியில் ரோபோ ஆய்வகம் 58 இலக்குப் பொருட்களில் 41ஐ 17 நாளில் தானே செய்துவிட்டது என்று. அடுத்த சில மாதத்திலேயே லண்டனில் பால்கிரேவ், பிரின்ஸ்டனில் ஸ்கூப் குழுவினர் அந்த எக்ஸ்ரே தரவை ஒவ்வொன்றாக உட்கார்ந்து பார்த்து, இதில் ஒன்றுகூடப் புதுப் பொருள் என்று ஏற்க முடியாது என்று எழுதினார்கள். பெரிய காரணம் அணுக்களின் ஒழுங்கு. கணினியில் இரண்டு வகை உலோக அணுக்களைப் பந்தியில் இலை போட்டு உட்கார வைப்பது போல இது இங்கே அது அங்கே என்று வரிசையாக வைத்துவிடலாம். ஆயிரம் டிகிரியில் அவை டவுன் பஸ்ஸில் ஏறுகிற கூட்டம், கிடைத்த இடத்தில் உட்காரும். அப்படிக் கலந்து உட்கார்ந்த பொருள் பல நேரம் ஏற்கெனவே தெரிந்த பழைய பொருள். கணினி அதை வரிசையாக வைத்ததால் புதுசு என்று எண்ணிவிட்டது.

டீப்மைண்ட் பட்டியலையும் ஆய்வாளர்கள் சீத்தம், ராம் சேஷாத்ரி இருவரும் எடுத்துப் பார்த்து, புதுமை, நம்பகம், பயன் மூன்றும் சேர்ந்திருக்கிற பொருளுக்கு அதில் ஆதாரம் மிகக் குறைவு என்று எழுதினார்கள். இதை நான் யாரையும் மட்டம் தட்டச் சொல்லவில்லை. அந்தப் பட்டியலில் 736 பொருட்களை வேறு ஆய்வகங்கள் தனியாகவே செய்திருந்தன, அதுவும் உண்மை. ஆனால் "கண்டுபிடித்தோம்" என்ற சொல்லை உலையில் இருந்து வெளியே எடுத்த பிறகு சொல்ல வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

ஒரு கதை சொல்கிறேன், இது நம் எல்லாருக்கும் தெரிந்திருக்க வேண்டிய கதை. கார்னெட் எலக்ட்ரோலைட். லித்தியம், லாந்தனம், சிர்கோனியம், ஆக்சிஜன் சேர்ந்தது. 2007இல் ராமசாமி முருகன், வெங்கடராமன் தங்கதுரை, ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழகத்தின் வெர்னர் வெப்னர், இந்த மூன்று பேரும் வெளியிட்டது. முருகன் சார் பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகத்துக்காரர். இன்றைக்கு உலகம் முழுக்க லித்தியம் உலோக பாட்டரிக்கு இந்த ஆக்ஸைடைப் போட்டு முயல்கிறார்கள். அறை வெப்பத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு ஒரு சீமென்ஸில் பத்தாயிரத்தில் 3 பங்கு அளவு கடத்தும்.

இதில் என்ன வந்தது என்றால், பின்னால் மற்றவர்கள் அதே சேர்மானத்தைச் செய்தபோது சிலருக்கு நூறு மடங்குக்கு மேல் குறைவாகக் கடத்தும் வேறொரு வடிவம் கிடைத்தது. எடை ஒன்றே, பொடி ஒன்றே. ஒன்று கனசதுர வடிவம், இன்னொன்று ஒரு பக்கம் மட்டும் நீளம் மாறின நாற்கோண வடிவம். வித்தியாசம் எங்கிருந்து வந்தது தெரியுமா? க்ரூசிபிளில் இருந்து, அதாவது பொடியை வைத்துச் சுடும் கிண்ணத்தில் இருந்து. அலுமினா க்ரூசிபிளில் வைத்து 1200 டிகிரிக்குப் பக்கத்தில் மணிக்கணக்கில் சுடும்போது லித்தியம் அந்தச் சுவரைத் தின்று கொஞ்சம் அலுமினியத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது. அந்தத் துளி அலுமினியம்தான் கனசதுர வடிவத்தை அறை வெப்பத்திலும் பிடித்து நிறுத்துகிறது. சுட்டு முடித்து க்ரூசிபிளைக் கவிழ்த்தால் அடியில் கண்ணாடி மாதிரி பளபளவென்று ஒரு வளையம் ஒட்டியிருக்கும். நானும் முதல் வருடம் அதைச் சுரண்டிக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தேன், விடையே அந்த வளையத்தில் இருக்கிறது என்று அப்போது தெரியாது. எந்தக் கணினியில் யார் க்ரூசிபிளைச் சேர்த்துக் கணக்குப் போடுகிறார்கள், சொல்லுங்கள்?

மாட்டுத்தாவணி

அக்கா, இது எங்கள் பாடத்தில் ஒரு வரிகூட இல்லை. அப்படியானால் இந்தக் கார்னெட் விஷயத்தில் சிமுலேஷனால் ஒரு உபயோகமும் இல்லை என்று எடுத்துக்கொள்ளலாமா?

அணுக்கூடு

இல்லை தம்பி, அப்படி எடுத்துக்கொள்ளாதே. க்ரூசிபிளை நாங்கள் யோசிக்கவில்லை என்பது உண்மை. ஆனால் அந்தத் துளி அலுமினியம் ஏன் வேலை செய்கிறது என்று தெளிவாகச் சொன்னது சிமுலேஷன்தான். 2012இல் அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தில் பெர்ன்ஸ்டைன், ஜோஹன்னஸ், ஹோவாங் செய்தார்கள். ஓர் அலுமினியம் மூன்று லித்தியத்தின் மின்னேற்றத்தைத் தான் ஒருவனே சுமக்கும், அதனால் இரண்டு லித்தியம் இடம் காலியாகிறது. காலி இடம் போதுமான அளவு வந்துவிட்டால் லித்தியங்கள் வரிசை கட்டி உறைந்து நிற்க முடியாமல் கலைந்துவிடுகின்றன, வடிவமும் கனசதுரமாகிவிடுகிறது. இது தெரிந்தபின் என்ன லாபம்? அலுமினியம்தான் வேண்டும் என்று இல்லை, காலி இடத்தை உண்டாக்குகிற எதுவும் போதும். டாண்டலம், நியோபியம், கேலியம் என்று பலரும் கைவைத்த எல்லாவற்றையும் ஒரே கணக்கில் புரிந்துகொள்ளலாம்.

இதே பொருளில் நான் செய்த தவறையும் சொல்லிவிடுகிறேன், நீ செய்யக்கூடாது என்பதற்காக. கார்னெட்டின் ஒரு கூட்டில் (படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் சின்னப் பெட்டி) 192 அணு. அணுக்களை நகரவிட்டு ஒவ்வொரு ஃபெம்டோ நொடிக்கும் ஒரு டிஎஃப்டி கணக்கு. 100 பிக்கோ நொடி, அதாவது ஒரு லட்சம் ஃபெம்டோ நொடி, வேண்டும் என்றால் ஒரு லட்சம் கணக்கு. அறை வெப்பத்தில் அந்த நேரத்துக்குள் லித்தியம் தாவவே தாவாது, அதனால் 800, 1000, 1200 கெல்வின் என்று சூடாக்கி ஓடவிட்டு, கிடைத்த புள்ளிகளில் ஒரு நேர்கோடு போட்டு, அதை 300 கெல்வினுக்கு இழுத்துப் படிப்போம். நான் அலுமினியம் சேர்க்காத கார்னெட்டுக்கு இதைச் செய்தேன். கோடு அழகாக வந்தது, எண்ணும் அருமையாக வந்தது. எங்கள் குழுவில் உலைப் பக்கம் இருந்தவர் பார்த்துவிட்டு, "இந்தப் பொருள் 600 டிகிரிக்கு மேல்தான் கனசதுரம், கீழே வந்தால் வடிவமே மாறிவிடும், நீ ஒரு பொருளில் அளந்து இன்னொரு பொருளுக்கு எண் எழுதியிருக்கிறாய்" என்றார். மூன்று மாத வேலை. அன்றைக்கு அவர் என் மேசைக்கு வந்து பார்க்கவில்லை என்றால் அது அப்படியே அச்சாகியிருக்கும். இப்போது மெஷின் லர்னிங்கில் பழக்கிய விசைப் புலங்கள் (அணுக்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் மாடல்கள்) வந்துவிட்டன, டிஎஃப்டி-யைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வேகம், 300 கெல்வினிலேயே நானோ நொடிக் கணக்கில் ஓடவிடலாம். அதனால் இந்த ஒரு பள்ளத்தைத் தாண்ட முடிகிறது. ஆனால் பழக்கிய தரவில் இல்லாத சூழல் வந்தால் அவையும் தயங்காமல் தவறாகச் சொல்லும், கவனம்.

செல்பேக்

ஓசூர் பக்கம் பாட்டரி பேக் தொழிலில் இருக்கிறேன், ஆராய்ச்சியாளர் இல்லை. எங்களுக்கு வேண்டியது ஒன்றுதான். கடத்துத்திறன் எவ்வளவு என்று எல்லாரும் சொல்கிறார்கள், செல்லுக்குள் போட்டால் எத்தனை நாள் தாங்கும் என்று யாரும் சொல்வதில்லை. விற்க வந்த ஒருவர் சல்ஃபைடு (கந்தகம் சேர்ந்த) எலக்ட்ரோலைட் 5 வோல்ட் வரை தாங்கும் என்று ஸ்லைடு காட்டினார். நம்பலாமா? கணினியில் அதற்குப் பதில் உண்டா?

அணுக்கூடு

சார், நீங்கள் கேட்ட இடத்தில்தான் சிமுலேஷன் உண்மையாகக் காசுக்கு ஈடான வேலை செய்திருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

2011இல் ஜப்பானில் கன்னோ குழு லித்தியம், ஜெர்மானியம், பாஸ்பரஸ், சல்ஃபர் சேர்ந்த ஒரு பொருளை வெளியிட்டது. அறை வெப்பத்தில் ஒரு சென்டிமீட்டருக்கு 12 மில்லி சீமென்ஸ், திரவ எலக்ட்ரோலைட்டுக்குச் சமம். 5 வோல்ட் வரை ஒன்றும் ஆகாது என்று அளவீடும் சொன்னது. அடுத்த ஆண்டே அமெரிக்காவில் செடர் என்பவரின் குழுவில் மோ, ஓங் இருவரும் கணக்குப் போட்டு, இது லித்தியம் உலோகத்தோடு ஒட்டினால் சிதைந்தே தீரும், மேலே அதிக வோல்டேஜிலும் சிதையும், தாங்குவது போலத் தெரிந்தால் அது இடையில் உருவாகும் ஒரு படலத்தால்தான் என்றார்கள். 2015இல் மோவின் குழு இன்னும் துல்லியமாகப் போட்டபோது உண்மையில் தாங்கும் எல்லை சுமார் 1.7 முதல் 2.1 வோல்ட் வரைதான் என்று வந்தது. 5 வோல்ட் எங்கே, அரை வோல்ட்கூட இல்லாத இந்தச் சன்னல் எங்கே! பிறகு கார்பன் கலந்து மேற்பரப்பைக் கூட்டி அளந்தபோது சோதனையிலும் சிதைவது தெரிந்தது. முதல் அளவீட்டில் தட்டையான உலோகத் தகடு மட்டும் வைத்துப் பார்த்ததால் மின்னோட்டம் கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. ஆகவே அந்த ஸ்லைடைக் காட்டியவரிடம் கார்பனோடு அளந்தீர்களா என்று மட்டும் கேளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. ஜெர்மானியம் விலை அதிகம். 2013இல் அதே கூட்டணி, ஜெர்மானியத்துக்குப் பதில் சிலிக்கானோ வெள்ளீயமோ போட்டாலும் கடத்துத்திறன் பெரிதாகக் குறையாது என்று கணித்தது. வெள்ளீயம் போட்ட பொருள் அதே ஆண்டிலேயே உலையில் இருந்து வந்தது, நன்றாகவே கடத்தியது. கோடிக்கணக்கில் சலிப்பதைவிட, தெரிந்த ஒரு நல்ல பொருளை எடுத்து "இந்த அணுவை மாற்றினால் என்ன ஆகும்" என்று கேட்கிற இந்த வகைக் கேள்விக்குக் கணினி மிக நேர்மையாகப் பதில் சொல்லும் என்பது என் அனுபவம்.

மஞ்சள்வெயில்

பாட்டரியிலேயே நிற்கிறீர்கள், சோலார் பக்கத்தில் இருந்து ஒரு எச்சரிக்கை. பெரோவ்ஸ்கைட் என்ற சோலார் செல் பொருள் வகையில் மெத்தில் அம்மோனியம் ஈய அயோடைடுக்கு ஆற்றல் இடைவெளி (எந்த ஒளியை உறிஞ்சும் என்று முடிவு செய்வது) சாதாரண டிஎஃப்டி-யில் சுமார் 1.6 எலக்ட்ரான் வோல்ட் வரும், சோதனையிலும் கிட்டத்தட்ட அதேதான். ஆஹா என்று மகிழ்ந்துவிடக் கூடாது. ஈயம் கனமான அணு, எலக்ட்ரானின் சுழற்சியும் சுற்றும் சேர்ந்து செய்யும் வேலையைக் கணக்கில் சேர்த்தால் அது ஒரு எலக்ட்ரான் வோல்ட் அளவு குறைந்துவிடுகிறது. முதலில் வந்தது இரண்டு தவறுகள் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் வந்த சரியான விடை. சிலிக்கானுக்கு அதே முறையில் 1.12க்குப் பதில் 0.6தான் வரும். இதைத் தெரியாமல் இடைவெளியை மட்டும் வைத்துச் சலித்தால் நல்ல பொருட்கள் எல்லாம் சல்லடையில் கீழே விழுந்துவிடும்.

உலைக்காரி

மஞ்சள்வெயில், நன்றி, இதை ஒவ்வொரு பிஎச்டி மாணவருக்கும் முதல் வாரத்திலேயே சொல்ல வேண்டும்.

தம்பி, நான் மேலே எழுதியதைப் படித்துவிட்டு நான் கணினிக்கு எதிரி என்று நினைத்துவிடாதே. எனக்குப் பிடித்த உதாரணம் ஹைட்ரஜன். தண்ணீரைப் பிரிக்க பிளாட்டினத்துக்கு மாற்று தேடிக்கொண்டிருந்தார்கள். மாலிப்டினம் டைசல்ஃபைடு உயவுப் பொருளாக எல்லாருக்கும் தெரிந்தது, ஹைட்ரஜனுக்கு ஆகாது என்று ஒதுக்கியிருந்தார்கள். 2005இல் டென்மார்க்கில் நோர்ஸ்கோவ் குழு, ஹைட்ரஜன் அணு பரப்பில் இறுக்கமாகவும் ஒட்டக்கூடாது, தளர்வாகவும் ஒட்டக்கூடாது என்ற கணக்கைப் போட்டுப் பார்த்தபோது, அந்தத் தகட்டின் ஓரத்தில் மட்டும் பிடிப்பு சரியான அளவில் இருப்பது தெரிந்தது. காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடிக்கிற பாக்டீரியாவின் நொதியிலும் இதே மாதிரி கந்தகம்தான் வேலை செய்கிறது என்பதில் இருந்து யோசனை வந்தது. 2007இல் ஹராமிலோவும் மற்றவர்களும் தங்கத்தின் மேல் சின்னச் சின்ன முக்கோணத் தகடுகளாக வளர்த்து, ஒவ்வொன்றாக நுண்ணோக்கியில் அளந்து, ஹைட்ரஜன் வெளிவருவது பரப்பளவோடு கூடவில்லை, ஓரத்தின் நீளத்தோடு கூடுகிறது என்று காட்டினார்கள். எவ்வளவு சுத்தமான வேலை! கணினி "ஓரம்" என்றது, கை ஓரத்தை அளந்தது. இந்த வேலையை நான் இன்றைக்கும் எடுத்துப் படிப்பேன்.

அப்புறம் கணினியில் வராத இன்னொன்று, நம் ஊர் காற்று. ஐப்பசி மழையில் ஒருமுறை பன்னிரண்டு கார்னெட் பெல்லட்டை மெருகேற்றி டப்பாவில் வைத்துவிட்டு தீபாவளிக்கு ஊருக்குப் போய்விட்டேன். டப்பா மூடி சரியாக மூடவில்லை. வந்து பார்த்தால் ஒவ்வொன்றின் மேலும் திருநீறு பூசின மாதிரி வெள்ளை. ஈரமும் கார்பன் டை ஆக்ஸைடும் சேர்ந்து லித்தியத்தை வெளியே இழுத்து கார்பனேட் ஆக்கிவிட்டது. அதன்மேல் உருகிய லித்தியத்தை வைத்தால் தாமரை இலைத் தண்ணீர், ஒட்டவே ஒட்டாது. இந்தப் படலத்தை நீக்கினால் லித்தியம் நன்றாகப் பரவும் என்று இப்போது கணக்கும் சோதனையும் சேர்ந்தே சொல்கின்றன. ஆனால் அப்படி ஒரு படலம் இருக்கிறது, அதைக் கணக்கில் சேர் என்று கணினிக்காரருக்கு யாராவது சொன்னால்தான் அவர் சேர்ப்பார்.

மாட்டுத்தாவணி

இரண்டு நாளாக இதையே திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருக்கிறேன். முடிவு எடுத்துவிட்டேன், சிமுலேஷன் பக்கம் போகிறேன், ஆனால் அந்த கைடிடம் உலை வைத்திருக்கிற குழுவோடு சேர்ந்து செய்ய அனுமதி கேட்டு எழுதியிருக்கிறேன். சரி என்று சொல்லிவிட்டார். ஒரு கேள்வி, என்னிடம் இருப்பது சாதாரண லேப்டாப். ஜூலை வரை என்ன செய்யட்டும்?

அணுக்கூடு

நல்ல முடிவு. குவாண்டம் எஸ்பிரெஸ்ஸோ என்ற டிஎஃப்டி மென்பொருள் இலவசம், லேப்டாப்பிலேயே போடு. இரண்டு அணு உள்ள சிலிக்கானில் தொடங்கு, மஞ்சள்வெயில் சொன்ன ஆற்றல் இடைவெளி 0.6 வருகிறதா பார். அப்புறம் லித்தியம் இரும்பு பாஸ்பேட், ஒரு கூட்டில் 28 அணு. லித்தியம் இருக்கும்போது, இல்லாதபோது, தனி லித்தியம் உலோகம், மூன்று ஆற்றல் தெரிந்தால் பாட்டரியின் வோல்டேஜ் வந்துவிடும். லேப்டாப்பில் மெதுவாகத்தான் ஓடும், ஆனால் ஓடும். இரும்பின் காந்தத்தை ஆன் செய்ய மறக்காதே. பெரிய கணக்குக்கு திருச்சி என்ஐடி-யில் பரம் பொருள் என்றே ஒரு சூப்பர் கம்ப்யூட்டர் இருக்கிறது, 2022இல் திறந்தார்கள், 838 டெராஃப்ளாப்ஸ். உன் கைடு மூலம் அதில் நேரம் கேட்டுப் பார்க்கலாம்.

மாட்டுத்தாவணி

மூன்று வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும், தேர்வு இருந்தது. சிலிக்கான் 0.6 வந்தது! இரும்பு பாஸ்பேட்டுக்கு முதலில் 2.9 வோல்ட் வந்தது. உண்மையில் 3.45 என்பதால் எங்கோ தவறு என்று இரண்டு நாள் தேடினேன். பிறகு இரும்பின் டி எலக்ட்ரான்களுக்கு யூ திருத்தம் (ஒரே அணுவில் நெருங்கி நிற்கும் எலக்ட்ரான்களின் விலக்கலுக்காகச் சேர்க்கும் எண்) சேர்த்ததும் 3.5க்குப் பக்கத்தில் வந்துவிட்டது. இரவு ஒன்றரை மணி, அப்பாவை எழுப்பிச் சொன்னேன்.

உலைக்காரி

வாழ்த்துகள் தம்பி. அந்த யூ எண்ணை எங்கிருந்து எடுத்தாய்? 3.45 வருகிற வரை மாற்றி மாற்றிப் போட்டாயா, இல்லை தனியாகக் கணக்கிட்டாயா?

மாட்டுத்தாவணி

மாற்றிப் போட்டேன் அக்கா. நீங்கள் கேட்டதும்தான் புரிந்தது, விடை தெரிந்த பொருளுக்கு அது வரும், தெரியாத பொருளுக்கு எதைப் பார்த்து நிறுத்துவேன்? இன்றைக்கு அதைத் தனியாகக் கணக்கிடும் முறையைப் படிக்கத் தொடங்குகிறேன்.

உலைக்காரி

அது போதும். கார்னெட்டுக்கு வரும்போது சொல், என்னிடம் நாற்கோணம் நான்கு, கனசதுரம் ஆறு பெல்லட் இருக்கிறது, இம்பீடன்ஸ் தரவோடு அனுப்பி வைக்கிறேன். எந்த க்ரூசிபிளில் சுட்டது என்று ஒவ்வொரு டப்பா மேலும் எழுதி ஒட்டியிருக்கிறேன்.